டெபியன் 12-லிருந்து 13-க்கு: பங்களிப்பாக வந்த அப்கிரேடு வழிகாட்டியை ரிவ்யூ செய்யும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பனையோலை (கேள்வி)

வணக்கம். எங்கள் தமிழ் லினக்ஸ் ஆவணத் தளத்துக்கு, டெபியன் 12 (புக்வார்ம்) கணினியை 13-க்கு (ட்ரிக்ஸி) கொண்டுபோவது பற்றி ஒரு வழிகாட்டி மெர்ஜ் ரிக்வெஸ்டாக (தளத்தில் சேர்க்கக் கோரும் மாற்றமாக) வந்திருக்கிறது. எழுதியவர் புதியவர். நடை தெளிவாக இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்திருக்கிறார். ஆனால் அப்கிரேடு என்பதால் படித்துப் பார்த்துவிட்டு மட்டும் ஒப்புதல் தர மனம் வரவில்லை. அவர் சொல்லும் வரிசை இது:

1. செட் கமாண்டால் (உரையைத் தேடி மாற்றும் நிரல்) சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் (ரெப்போ எனும் மென்பொருள் களஞ்சியங்களின் பட்டியல்) உள்ள "புக்வார்ம்" எல்லாவற்றையும் "ட்ரிக்ஸி" ஆக்கு.
2. ஆப்ட் அப்டேட், உடனே ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு -ஒய்.
3. நடுவில் கேள்வி கேட்காமலிருக்க டிபிகேஜிக்கு (பேக்கேஜ்களை நிறுவும் அடிப்படை நிரல்) ஃபோர்ஸ்-கான்ஃப்நியூ (புது அமைவுக் கோப்பையே எடுத்துக்கொள்) ஆப்ஷன் கொடு.
4. ரீபூட்.
5. ஆட்டோரிமூவ் (இனித் தேவைப்படாத பேக்கேஜ்களை நீக்குவது) செய், பிறகு ரெப்போவில் இல்லாத பழைய பேக்கேஜ்களை மொத்தமாகப் பர்ஜ் (அமைவுக் கோப்புகளோடு சேர்த்து நீக்குவது) செய்.
6. கெட்டுப்போனால் சோர்சஸ்.லிஸ்டைத் திரும்ப புக்வார்ம் ஆக்கி டவுன்கிரேடு செய்.

படிக்கப்போகிறவர்கள் வீட்டு டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள், கல்லூரி லேப் பார்த்துக்கொள்பவர்கள், சின்ன விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த விர்ச்சுவல் சர்வர்) ஓட்டுபவர்கள். எந்த வரியை நிறுத்தியே ஆக வேண்டும், எதை அப்படியே விடலாம்? எப்படிச் சோதிப்பது? டெபியனின் ரிலீஸ் நோட்ஸை எவ்வளவு தூரம் எடுத்து எழுதலாம்?

---

வேர்ப்பயனர்

முதல் வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் சத்தமில்லாமல் தவறுவது அதுதான்.

நிறுவியின் வழியாகப் போட்ட புக்வார்மில் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில்தான் ரெப்போ வரிகள் இருக்கும். ஆனால் விபிஎஸ் நிறுவனங்கள் தரும் கிளவுட் இமேஜ்களில் அவை சோர்சஸ்.லிஸ்ட்.டி கோப்புறைக்குள் டெபியன்.சோர்சஸ் என்ற கோப்பில் இருக்கின்றன. சோர்சஸ்.லிஸ்டில் "அங்கே போய்ப் பார்" என்று ஒரு கமெண்ட் வரி மட்டும் இருக்கும். அந்தக் கணினியில் செட் ஓடும், பிழை எதுவும் காட்டாது, எதையும் மாற்றாது. ஆப்ட் அப்டேட் வெற்றி. ஃபுல்-அப்கிரேடு "0 அப்கிரேடு, 0 புதியது" என்று முடியும். ரீபூட்டும் ஆகும். படித்தவர் 13-க்கு வந்துவிட்டதாக நம்பிக்கொண்டு 12-லேயே இருப்பார். எனவே செட் வரிக்கு முன் "எந்தக் கோப்பில் இருக்கிறது என்று பார்" என்றும், கடைசியில் "எட்சி கோப்புறையின் டெபியன்_வெர்ஷன் கோப்பில் 13 என்று தொடங்குகிறதா பார்" என்றும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "சோர்சஸ்.லிஸ்ட்.டி கோப்புறையில் உள்ள எல்லாவற்றிலும் செட் ஓட்டு" என்று யாராவது திருத்தம் அனுப்புவார்கள். அதை ஏற்காதீர்கள். அங்கே பிரவுசர், டாக்கர் போன்ற வெளியார் ரெப்போக்களும் இருக்கும். அந்த ரெப்போவில் ட்ரிக்ஸி என்ற கிளையே இல்லாமல் போகலாம். அப்கிரேடுக்கு முன் வெளியார் ரெப்போக்களை முடக்கி வைத்து, முடிந்த பிறகு ஒவ்வொன்றாக, 13-க்கு ஆதரவு இருக்கிறதா என்று பார்த்துத் திறப்பதே சரி. டெபியனிலிருந்து வராத பேக்கேஜ்களைப் பட்டியலிட ரிலீஸ் நோட்ஸில் ஆப்ட் லிஸ்டுக்கான தேடல் வரி இருக்கிறது. அது வழிகாட்டியின் தொடக்கத்திலேயே வர வேண்டும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். "ஸ்டேபிள்" என்று எழுதியிருந்தால் ட்ரிக்ஸி என்ற குறிப்பெயராக மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வெளியீடு வரும் நாளில் வழக்கமான அப்டேட்டே பெரிய அப்கிரேடாகிவிடும். செக்யூரிட்டி கிளையின் பெயர் "ட்ரிக்ஸி-செக்யூரிட்டி". ட்ரிக்ஸிக்குப் பின் சாய்கோடு போட்டு "அப்டேட்ஸ்" என்று எழுதுவது 10-ம் பதிப்போடு முடிந்த வழக்கம், பழைய வலைப்பதிவுகளிலிருந்து இன்னும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பிரிவு 12-ல்தான் தனியாகப் பிரிந்தது. 11-லிருந்து 12-க்கு வந்தபோது அதைச் சேர்க்காமல் விட்டவர்களின் லேப்டாப்பில் வைஃபை ஃபர்ம்வேர் பழையதாகவே நிற்கும்.

ஆப்ட் மாடர்னைஸ்-சோர்சஸ் என்ற புதுக் கமாண்ட் 13-ல் வரும் ஆப்ட் 3.0-இல் இருக்கிறது. பழைய வரிகளைப் புது வடிவக் கோப்பாக மாற்றித் தரும். அதைப் படி 1-ல் வைத்தால் புக்வார்மில் ஓடாது. அப்கிரேடு முடிந்த பின்பு வர வேண்டிய வரி அது.

---

முனையம்

-ஒய் பற்றி. பலரும் நினைப்பதுபோல அது எல்லாக் கேள்விக்கும் "ஆம்" சொல்வதில்லை. அமைவுக் கோப்பு பற்றி டிபிகேஜி கேட்கும் கேள்வி -ஒய் கொடுத்தாலும் வந்தே தீரும். -ஒய் விழுங்குவது வேறொன்றை: "இந்தப் பேக்கேஜ்கள் நீக்கப்படும், தொடரவா?" என்ற கேள்வியை. அப்கிரேடில் மனிதக் கண் பட்டே ஆக வேண்டிய முக்கியமான இடம் அதுதான்.

ட்ரிக்ஸியில் இது இன்னும் முக்கியம். 2038-க்குப் பிந்தைய தேதிகளைக் கையாள, நேரத்தைச் சேமிக்கும் டைம்_டி என்ற தரவு வகை 64 பிட்டாக்கப்பட்டது. அதையொட்டி ஏராளமான லைப்ரரி பேக்கேஜ்களின் பெயர் மாறிவிட்டது. லிப்எஸ்எஸ்எல்3 இப்போது லிப்எஸ்எஸ்எல்3டி64. ஏஎம்டி64 (வழக்கமான 64 பிட்) கணினியிலும் இதே பெயர்மாற்றம்தான். விளைவு: ஃபுல்-அப்கிரேடு காட்டும் நீக்கப் பட்டியல் திரை நிறைய ஓடும். முதல்முறை பார்ப்பவர் ஒன்று பயந்து நிறுத்துவார், இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒய் அடிப்பார். வழிகாட்டி இரண்டையும் தடுக்க வேண்டும். நான் இப்படி எழுதச் சொல்வேன்: "நீக்கப் பட்டியலில் லிப் என்று தொடங்கும் பெயர் இருந்து, அதே பெயர் டி64 என்ற வாலோடு புதுப் பட்டியலில் இருந்தால் கவலை வேண்டாம். உங்கள் டெஸ்க்டாப்பின் பெயர், டேட்டாபேஸ் சர்வர், நீங்களே விரும்பி நிறுவிய மென்பொருள் ஆகியவை நீக்கப் பட்டியலில் இருந்தால் என் (N) அடித்து நிறுத்துங்கள்."

ஃபுல்-அப்கிரேடுக்கு முன்னால் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது: ஆப்ட் அப்கிரேடு --வித்தவுட்-நியூ-பிகேஜிஎஸ். புதிதாக எதையும் நிறுவாமல், எதையும் நீக்காமல் ஏற்ற முடிந்ததை மட்டும் முதலில் ஏற்றும். அதற்குப் பிறகு ஓடும் ஃபுல்-அப்கிரேடு தேவையில்லாமல் பேக்கேஜ்களை நீக்கும் வாய்ப்பு குறையும்.

ஃபோர்ஸ்-கான்ஃப்நியூ: இந்த வரியைக் கண்டிப்பாக எடுங்கள். கையால் திருத்திய அப்பாச்சி அமைவு, சூடோயர்ஸ் கோப்பு எல்லாம் புதுப் பிரதியால் மாற்றப்படும். பழையது டிபிகேஜி-ஓல்டு என்ற வாலோடு ஒதுங்கிவிடும். சூடோ உரிமையை அந்தக் கோப்பில் எழுதி வைத்தவர் ரீபூட்டுக்குப் பின் ரூட் ஆக முடியாமல் நிற்பார். கேள்வி வரட்டும். என் (N) அழுத்தினால் பழையது இருக்கும், புதியது டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு பக்கத்தில் வந்து அமரும். பிறகு நிதானமாக ஒப்பிடலாம். இன்னொன்றையும் வழிகாட்டி சொல்ல வேண்டும்: எஸ்எஸ்எச் சர்வர் அமைவையும் க்ரப் அமைவையும் கேட்பது டிபிகேஜி அல்ல, யூசிஎஃப் என்ற வேறொரு நிரல். அந்தக் கேள்வி நீலத் திரையில் மெனுவாக வரும். ஸ்கிரீன்ஷாட் சேர்ப்பதானால் இந்த இரண்டுக்கும் சேர்க்கச் சொல்லுங்கள். ரீபூட் பொத்தானின் ஸ்கிரீன்ஷாட்டால் யாருக்கும் பயனில்லை.

விபிஎஸ் வாசகர்களுக்குத் தனியாகச் சில வரிகள் தேவை:

புக்வார்மை முதலில் கடைசி வரைக்கும் அப்டேட் செய்ய வேண்டும். ஓபன்எஸ்எஸ்எச் சர்வரின் பதிப்பு 1:9.2பி1-2+டெப்12யூ7 அல்லது அதற்குப் பிந்தையதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய பதிப்பில், அப்கிரேடு நடுவில் இணைப்பு அறுந்தால் திரும்ப உள்ளே நுழைய முடியாமல் போகலாம். எப்படியானாலும் டிமக்ஸ் அல்லது ஸ்க்ரீனுக்குள்தான் (இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடர வைக்கும் நிரல்கள்) ஓட்ட வேண்டும். நிறுவனத்தின் வலைக் கன்சோல் திறக்கிறதா என்று முன்னாலேயே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் புது சிஸ்டம்டியோடு (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் பகுதி) நெட்வொர்க் இன்டர்ஃபேஸின் பெயர் மாறவும் கூடும். பெயர் மாறி, இன்டர்ஃபேசஸ் கோப்பில் பழைய பெயர் இருந்தால் ரீபூட்டுக்குப் பின் அந்த சர்வர் வலையில் தெரியாது. 13-ல் டிஎஸ்ஏ வகைச் சாவிகளும் செல்லாது. பழைய சாவியை வைத்து நுழைபவர்கள் முன்கூட்டியே இஈடி25519 சாவி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

---

தரவுத்தறி

படி 5-ல் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது.

புக்வார்மில் போஸ்ட்கிரெஸ் 15, ட்ரிக்ஸியில் 17. அப்கிரேடு செய்தாலும் உங்கள் தரவு தானாக 17-க்கு வராது. 15 அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். 17 காலியான கிளஸ்டர் (டேட்டாபேஸ்களின் தொகுப்பு) ஒன்றை 5433 போர்ட்டில் உருவாக்கிக்கொள்ளும். பிஜி_ட்ராப்கிளஸ்டரால் அந்தக் காலி 17-ஐ நீக்கிவிட்டு, பிஜி_அப்கிரேடுகிளஸ்டர் 15 மெயின் என்று ஓட்டினால்தான் தரவு நகரும். இதற்கு 15-ன் நிரல்களும் தேவை. ஆட்டோரிமூவ் அவற்றைத் தொடாது. போஸ்ட்கிரெஸ் பேக்கேஜே அதற்கு ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. ஆனால் "ரெப்போவில் இல்லாததை மொத்தமாகப் பர்ஜ் செய்" என்ற வரிக்கு அந்தத் தடுப்பு பொருந்தாது. 13-ன் ரெப்போவில் 15 இல்லை, எனவே அது பட்டியலில் வந்து நிற்கும். பர்ஜ் செய்யும்போது தரவுக் கோப்புறையையும் நீக்கவா என்று கேட்கும். அதுவரை எல்லாவற்றுக்கும் ஆம் சொல்லிப் பழகிய விரல் அங்கேயும் ஆம் அழுத்திவிடும்.

பர்ஜ் வரியை வழிகாட்டியிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. முதலில் பட்டியலிடு, படி, பிறகு பெயர் சொல்லி நீக்கு என்று மாற்றினால் போதும்.

மரியாடிபி வேறு மாதிரி. 10.11-லிருந்து 11.8-க்குத் தாவுகிறது, இடத்திலேயே மாறும். நிபந்தனை ஒன்றுதான்: பழையது சுத்தமாக நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். மின்சாரம் போய் நின்ற சர்வரை அப்படியே அப்கிரேடு செய்தால், பழைய பதிப்பின் மீட்புப் பதிவுகளைப் புதுப் பதிப்பு கையாளாது, சேவை எழாது. 10.11-ஐ ஒருமுறை எழுப்பி, சரியாக நிறுத்தி, லாகில் நல்லபடி நின்றதா என்று பார்த்த பிறகே படி 2.

---

பனையோலை

மிக்க நன்றி. லேப் கணினிகளில் பல பழையவை, 32 பிட் நிறுவல்கள். அதற்கு என்ன எழுதுவது? சோதனை முறை பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

கருவகம்

32 பிட்: வழிகாட்டியின் முதல் பத்தியிலேயே தடுத்து நிறுத்த வேண்டும். ஐ386-க்கு (32 பிட் பிசி வகை) ட்ரிக்ஸியில் டெபியனின் கர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. 64 பிட் கணினியில் பழைய 32 பிட் மென்பொருளை ஓட்டுவதற்காக மட்டுமே அந்தப் பேக்கேஜ்கள் மிச்சம் வைக்கப்பட்டிருக்கின்றன. எஸ்எஸ்இ2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாத ப்ராசசரில் அவை ஓடவும் மாட்டா. சோதிக்க யூநேம் போதாது. கர்னல் 64 பிட்டாக இருந்து மேலே உள்ளதெல்லாம் 32 பிட்டாக இருக்கும் கணினிகள் உண்டு. டிபிகேஜி --பிரிண்ட்-ஆர்க்கிடெக்சர் ஐ386 என்று சொன்னால் அப்கிரேடு செய்யக் கூடாது. ப்ராசசர் 64 பிட் என்றால் ஏஎம்டி64-ஐப் புதிதாக நிறுவலாம். இல்லையென்றால் 12-லேயே இருக்கட்டும்.

சோதனை: புதிதாக நிறுவிய புக்வார்மை அப்கிரேடு செய்து பார்த்து "வேலை செய்கிறது" என்று எழுதுவதற்குப் பெரிய மதிப்பில்லை. அது எப்போதும் வேலை செய்யும். மூன்று விர்ச்சுவல் மெஷின் போதும். ஒன்று, நிறுவியில் வட்டைக் குறியாக்கம் செய்து போட்ட டெஸ்க்டாப். இரண்டு, கிளவுட் இமேஜ். மூன்று, போஸ்ட்கிரெஸும் அப்பாச்சியும் உள்ள சர்வர். மூன்றையும் கொஞ்சம் அழுக்காக்குங்கள்: ஒரு வெளியார் ரெப்போ, ஆப்ட்-மார்க் ஹோல்டில் (அப்டேட் ஆகாமல் நிறுத்தி வைத்த) ஒரு பேக்கேஜ், கையால் திருத்திய ஓர் அமைவுக் கோப்பு, இரண்டு மூன்று பழைய கர்னல். ஒவ்வொரு படிக்கும் முன் ஸ்னாப்ஷாட் எடுங்கள். பிறகு வழிகாட்டியில் எழுதியிருப்பதை மட்டும், உங்களுக்குத் தெரிந்த வேறெதையும் செய்யாமல் செய்யுங்கள். மாட்டிக்கொள்ளும் இடம்தான் உங்கள் ரிவ்யூ கமெண்ட். ஸ்கிரிப்ட் கமாண்டால் முழுத் திரையையும் பதிவுசெய்து மெர்ஜ் ரிக்வெஸ்டில் இணைத்தால் எழுதியவருக்கும் எங்கே என்ன நடந்தது என்று தெரியும்.

குறியாக்க டெஸ்க்டாப்பை ஏன் சொல்கிறேன் என்றால், அதில்தான் கர்னல் இருக்கும் பூட் கோப்புறை வட்டில் தனிப் பிரிவாக இருக்கும். பழைய நிறுவி அதற்கு அரை ஜிபிக்குள்தான் ஒதுக்கியது. 13-க்கு அந்தப் பிரிவு 768 எம்பி இருப்பதும், அதில் சுமார் 300 எம்பி காலியாக இருப்பதும் நல்லது என்கிறது ரிலீஸ் நோட்ஸ். இடம் போதாவிட்டால் இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடங்கும்போது கர்னலோடு ஏறும் கோப்பு) உருவாக்கம் பாதியில் நின்றுவிடும், கர்னல் பேக்கேஜ் அரைகுறையாகக் கிடக்கும், அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பேக்கேஜ்களும் தடுமாறும். அந்த நிலையில் ரீபூட் செய்வதுதான் மிகப் பெரிய ஆபத்து. வழிகாட்டியின் படி 4 கேள்வியே இல்லாமல் அதைத்தான் சொல்கிறது. "டிபிகேஜி --ஆடிட் எதுவும் காட்டாவிட்டால் மட்டும் ரீபூட்" என்று மாற்றுங்கள். இடத்துக்கு: ஓடும் கர்னலைத் தவிர மற்ற பழைய கர்னல்களை முன்பே நீக்கலாம். அதுவும் போதாதபோது இனிட்ராம்எஃப்எஸ் அமைவில் மாட்யூல்ஸ் மதிப்பை மோஸ்டிலிருந்து டெப் ஆக்கினால் கோப்பு நன்றாகச் சுருங்கும். ஆனால் வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் பூட் ஆகாமல் போகலாம். லேப்களில் வட்டு மாற்றி மாட்டுவது சகஜம் என்பதால் அந்த எச்சரிக்கையும் சேர்ந்தே வர வேண்டும்.

அதே டெஸ்க்டாப்பில் இன்னொன்று: குறியாக்க வட்டுகளைத் தானாகத் திறக்கும் பகுதி சிஸ்டம்டி-கிரிப்ட்செட்டப் என்று தனிப் பேக்கேஜாகப் பிரிந்துவிட்டது. பரிந்துரைப் பேக்கேஜாகத்தான் வருகிறது. பரிந்துரைகளை நிறுவாதே என்று ஆப்டில் அமைத்து வைத்திருப்பவர்களுக்கு அது வராது. ரீபூட்டுக்கு முன் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு வரி.

ரீபூட்டுக்குப் பிறகு "என்னவோ ஆகிவிட்டது" என்று வருகிறவர்களுக்காகவும் கொஞ்சம் எழுதலாம். டெம்ப் கோப்புறை இப்போது நினைவகத்தில். ராமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி கணினியில் 2 ஜிபிக்கு மேல் தற்காலிகக் கோப்பு எழுதும் நிரல் "இடமில்லை" என்று நிற்கும். பழையபடி வேண்டுமென்றால் டெம்ப்.மவுன்ட் யூனிட்டை மாஸ்க் செய்து ரீபூட் செய்ய வேண்டும். சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பையும் சிஸ்டம்டி இனி படிப்பதில்லை. அதில் எழுதி வைத்ததைச் சிஸ்சிடிஎல்.டி கோப்புறைக்கு நகர்த்த வேண்டும். ரூட்டராக ஓடும் கணினியில் பாக்கெட் ஃபார்வர்டிங் நின்றுபோனதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

---

முனையம்

ரிலீஸ் நோட்ஸை எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்விக்கு: அது ஜிபிஎல் பதிப்பு 2-ல் இருக்கிறது. உங்கள் தளம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்தால், பத்தி பத்தியாக மொழிபெயர்த்து ஒட்டுவது உரிமச் சிக்கல். கமாண்டுகளையும் உண்மைகளையும் எடுத்துச் சொந்தமாக எழுதுவதில் தடையில்லை. உரிமத்தை விட்டாலும் நீளமாக நகலெடுப்பது வீண், ஏனென்றால் அங்கே திருத்தம் வரும்போது இங்கே வராது. எந்தப் பதிப்பில், எந்த மாதம் சோதிக்கப்பட்டது என்று மேலே ஒரு வரி இருக்கட்டும்.

மெர்ஜ் செய்வதற்கு முன் கமாண்ட் கட்டங்களைக் கிரெப் (உரையில் தேடும் கமாண்ட்) ஓட்டிப் பாருங்கள். ஆஸ்கிக்கு (அடிப்படை ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகள்) வெளியே ஓர் எழுத்துகூட இருக்கக் கூடாது. வேர்டு ப்ராசசரில் எழுதி ஒட்டியிருந்தால் இரட்டை ஹைபன் ஒரே நீளக் கோடாக மாறியிருக்கும், நேர் மேற்கோள்குறி வளைந்திருக்கும். தமிழ்த் தட்டச்சிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள் கமாண்டுக்குள் நுழைவதும் உண்டு. "எழுதியபடியே அடித்தேன், வேலை செய்யவில்லை" என்பதில் பெரும்பங்கு இதுதான்.

எழுதியவர் புதியவர் என்கிறீர்கள். இங்கே வந்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கமெண்டாகப் போட்டால் போய்விடுவார். எழுத்துப்பிழை, வடிவமைப்பு எல்லாம் நீங்களே திருத்திவிடுங்கள். தரவு இழப்பு, பூட் ஆகாமை, உள்ளே நுழைய முடியாமை ஆகிய மூன்றில் ஒன்றுக்குக் கொண்டுபோகும் வரிகளை மட்டும் "இது மாறாமல் சேர்க்க முடியாது" என்று குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும், மாற்று வரியையும் நீங்களே கொடுங்கள். மற்றவை அடுத்த திருத்தத்தில் வரட்டும்.

---

பனையோலை

அப்படியே செய்கிறேன். படி 6 பற்றி யாரும் சொல்லவில்லையே? டவுன்கிரேடு வரியைத் திருத்தினால் சரியாகுமா, இல்லை எடுத்துவிடவா?

---

கருவகம்

எடுத்துவிடுங்கள். டெபியன் டவுன்கிரேடை ஆதரிப்பதில்லை. பேக்கேஜ் ஏறும்போது ஓடும் ஸ்கிரிப்டுகள் அமைவையும் தரவையும் முன்னோக்கித்தான் மாற்றும். திரும்ப மாற்றும் வழி அவற்றில் எழுதப்படவே இல்லை. புது மரியாடிபி தொட்ட கோப்புறையைப் பழைய மரியாடிபியிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அந்த இடத்தில் இந்தப் பத்தியைப் போடலாம். கடைசியில் அல்ல, படி 1-க்கு முன்னால்:

"இந்த அப்கிரேடிலிருந்து திரும்பும் வழி பேக்கப் ஒன்றே. விர்ச்சுவல் மெஷின் என்றால் நிறுத்திவிட்டு ஸ்னாப்ஷாட் எடுங்கள். நேரடிக் கணினி என்றால் ஹோம், எட்சி, வார் கோப்புறையின் லிப்/டிபிகேஜி, லிப்/ஆப்ட் பகுதியில் உள்ள எக்ஸ்டெண்டட்_ஸ்டேட்ஸ் கோப்பு, டிபிகேஜி --கெட்-செலக்ஷன்ஸ் தரும் பட்டியல் ஆகியவற்றை வெளி வட்டுக்கு நகலெடுங்கள். டேட்டாபேஸ் இருந்தால் கோப்புறையை நகலெடுப்பது போதாது, டம்ப் (தரவின் ஏற்றுமதிப் பிரதி) எடுங்கள். எடுத்த பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது வேறு இடத்தில் விரித்துத் திறந்து பாருங்கள். அது திறந்த பிறகு படி 1-க்குப் போங்கள்."